பரம்பரை நிர்ப்பீடனக் குறைபாடுகளும் அவற்றுக்கான வைத்தியமும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எங்களிடம் முதலில் கேட்டது நீரிழிவைப் பற்றிப் பேசும்படிதான். நீரிழிவைப் பற்றிப் பேச இன்று ஆட்களுக்குக் குறைவில்லை. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். ஒருவர் சிறுபிள்ளை வைத்தியத்துக்கும் மற்றவர் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் போனோம். இரண்டு இடத்திலும் எங்களை அதிகம் வருத்துபவை அரிதாக வரும் சில நோய்கள். அவை அரிது என்பதால் ஒருவரும் நினைப்பதில்லை; நினைக்காததால் பிள்ளைகள் பெயர் தெரியாத காய்ச்சலில் போய்விடுகிறார்கள். அவற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்று குழுவினரிடம் வாதாடி அனுமதி வாங்கினோம்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு நிர்ப்பீடனம் என்ற சொல் நினைவிருக்கும். மற்றவர்கள் நோய் எதிர்ப்புச் சக்தி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இஞ்சியும் மஞ்சளும் அதைக் கூட்டும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அதைப் பற்றியல்ல இந்தப் பேச்சு. நாங்கள் சொல்வது, பிறக்கும்போதே ஒரு பரம்பரையலகில் இருக்கும் பிழையால் உடம்பின் காவற்படையில் ஒரு பிரிவே இல்லாமற் போவது. இல்லாத பிரிவை எந்தக் கசாயமும் உண்டாக்காது. இப்படியான நோய்கள் இன்று 500க்கும் மேல் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றிற் பல உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு மூன்றைத் தெரிந்தால் போதும்.

முதலாவது, 1952இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றில் தெரியவந்தது. எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு நியூமோகொக்கஸ் கிருமி திரும்பத் திரும்ப இரத்தத்தில் ஏறியது. பென்சிலின் கொடுத்தால் சுகம் வரும், விட்டால் மறுபடி வரும். ஒக்டன் புரூட்டன் என்ற சிறுபிள்ளை வைத்தியர் அவனுடைய இரத்தத்தின் புரதங்களை அக்காலத்தில் புதிதாக வந்திருந்த மின் முறையால் பிரித்துப் பார்த்தார். காமா குளோபியுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிறபொருளெதிரிகள் இருப்பது அந்தப் பகுதியில்தான். பொறி பழுதோ என்று சந்தேகிக்கும் அளவுக்கு அது விசித்திரம். புரூட்டன் செய்தது எளிய காரியம். இல்லாததை வெளியிலிருந்து கொடுத்தார். மாதந்தோறும் காமா குளோபியுலின் ஊசி போட்டார், தொற்றுகள் நின்றன. நோயைக் கண்டுபிடித்ததும் வைத்தியத்தைக் கண்டுபிடித்ததும் ஒரே கட்டுரையில் என்பது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதில்லை. அதற்குக் காரணமான பரம்பரையலகு தெரியவர 1993 ஆகியது. அதற்கு இன்று அவருடைய பெயரே இருக்கிறது.

இந்த நோயில் தாய்மார் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. பிள்ளை பிறந்து முதல் ஐந்து ஆறு மாதம் நன்றாகவே இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தினூடாகப் பிள்ளைக்குப் போய்ச் சேருகின்றன. தாய் கட்டிக் கொடுத்த பொதிச்சோறு மாதிரி அது கொஞ்சக் காலம் தாங்கும். அது முடிந்த பிறகுதான் காதில் சீழ், நெஞ்சுச்சளி, நியூமோனியா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். "ஆறு மாதம் வரை கொழுகொழு என்று இருந்த பிள்ளை, யாரோ நாவூறு பட்டுவிட்டார்கள்" என்று அம்மம்மா சொல்வதில் காலக்கணக்கு மிகச் சரி. காரணம்தான் வேறு.

இன்று இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது இமியுனோகுளோபியுலின். குறைந்தது ஆயிரம் பேருடைய இரத்தத் திரவவிழையத்தை ஒன்றுசேர்த்துச் சுத்திகரித்து எடுப்பார்கள். ஆயிரம் பேரும் தங்கள் வாழ்நாளில் சந்தித்த கிருமிகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அந்த ஒரு போத்தலில் இருக்கின்றன. உடம்பில் அது சுமார் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். ஆகவே மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை நாளத்தின் வழியாக ஏற்ற வேண்டும். வாரம் ஒரு முறை தோலின் கீழ் ஏற்றும் முறையும் உண்டு. அதை வீட்டிலேயே செய்யலாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பல தாய்மார் தாங்களே செய்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டிய வைத்தியம் இது. விலை அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தாலும், வாங்கி வைத்த போத்தல்கள் முடிந்துவிட்டால் பிள்ளை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒழுங்காகக் கிடைத்தால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், விளையாட்டுப் போட்டியில் ஓடும், சோதனை எழுதும், கலியாணமும் செய்யும். இரத்ததான முகாமில் கை நீட்டிப் படுத்திருக்கும் ஒவ்வொருவரையும் காணும்போது எங்களுக்கு இந்தப் போத்தல்தான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது நோய் இதைவிடக் கொடியது. கடும் கூட்டு நிர்ப்பீடனக் குறைபாடு என்று தமிழில் சொல்லலாம். வைத்தியர்கள் ஸ்கிட் என்பார்கள். இதில் ரீ கலங்கள் இல்லை. அவை இல்லாவிட்டால் பிறபொருளெதிரி செய்யும் பீ கலங்களுக்குக் கட்டளையிட ஆளில்லை. தாயின் பொதிச்சோறும் இங்கு அதிகம் உதவாது. இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே வாயில் வெண்படலம் போகாமல் நிற்கும், வயிற்றோட்டம் நிற்காது, கிளினிக் கொப்பியில் நிறைக் கோடு மேலே போகாமல் படுத்துவிடும். வைத்தியம் இல்லாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் முதலாவது பிறந்தநாளைக் காண்பதில்லை.

அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் 1971இல் பிறந்த டேவிட் வெற்றரைப் பற்றி உங்களிற் சிலர் வாசித்திருப்பீர்கள். அவனுடைய அண்ணன் இதே நோயால் ஏழு மாதத்தில் இறந்தவன். ஆகவே டேவிட் பிறந்தவுடனேயே கிருமி நீக்கிய பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் வைத்தார்கள். சாப்பாடு, உடுப்பு, புத்தகம் எல்லாம் கிருமி நீக்கப்பட்ட பிறகே உள்ளே போகும். சில மாதத்துக்கென்று தொடங்கியது பன்னிரண்டு வருடமாயிற்று. 1983இல் அக்காவின் என்பு மச்சையை ஏற்றினார்கள். அது முழுமையாகப் பொருந்தியதல்ல. அதற்குள் ஒரு வைரஸ் உறங்கிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியாது. அதனால் வந்த புற்றுநோயில் 1984 பெப்ரவரியில் அவன் இறந்தான். தாய் கையுறை இல்லாமல் அவனைத் தொட்டது அந்தக் கடைசி நாட்களில்தான். அந்தக் கூடாரத்தை விஞ்ஞானத்தின் சாதனை என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. ஒரு பிள்ளையை அப்படி வளர்த்திருக்கலாமா என்று வைத்தியர்களே பின்னர் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் தாயின் பக்கம். மற்றவர் பையனின் பக்கம்.

என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை டேவிட் பிறப்பதற்கு முன்னரே வெற்றி கண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1968இல் மினசோட்டாவில் றொபேட் குட் என்பவரின் குழுவினர் ஐந்து மாதக் குழந்தை ஒன்றுக்கு அதன் அக்காவின் மச்சையைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அக்காவின் மச்சை நன்றாகப் பொருந்தியது, அதுதான் வித்தியாசம். கூடப்பிறந்த ஒருவரின் மச்சை பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புத்தான். பிறகு 1980களில் பாதி பொருந்தும் தாய் தகப்பனின் மச்சையிலிருந்து தீங்கு செய்யும் கலங்களை நீக்கிக் கொடுக்கும் முறை வந்தது.

இங்கே ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். வட அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளைப் பற்றி 2014இல் வெளிவந்த ஆய்வில், மூன்றரை மாத வயதுக்குள் மச்சை பெற்றவர்களில் 100க்கு 94 பேர் தப்பியிருந்தார்கள். அந்த வயதைத் தாண்டி, உடம்பில் தொற்று இருக்கும் நிலையில் பெற்றவர்களில் தப்பியது பாதிப்பேர். இரண்டு கூட்டத்தினருக்கும் நோய் ஒன்று, சிகிச்சை ஒன்று. வேறுபட்டது கண்டுபிடித்த காலமும் அதற்குள் பிடித்த தொற்றும்தான். பிறந்த பிள்ளையின் குதிக்காலில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். 2008இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் தொடங்கியது. ஒன்ராறியோவில் 2013இலிருந்தும், ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் 2019இலிருந்தும் பிறக்கும் பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். அந்த நாடுகளில் பேரப்பிள்ளை கண்ட தோழிகளே, அந்தக் குதிக்கால் ஊசியை "பச்சைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேதனை" என்று மறுக்க வேண்டாம்.

இங்கு அது எல்லாப் பிள்ளைகளுக்குமான வழமையாகவில்லை. ஆனால் கைக்கெட்டிய ஒன்று இருக்கிறது: சாதாரண முழு இரத்தக் கணக்கு. எந்த ஆதார வைத்தியசாலையிலும் செய்யலாம். அதில் நிணநீர்க்குழியங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். வளர்ந்தவருக்கு 1500 என்றால் குறையில்லை. குழந்தைக்கு 3000க்குக் குறைந்தாலே யோசிக்க வேண்டும். சில ஆய்வுகூடங்களின் அறிக்கைத் தாளில் வளர்ந்தோரின் அளவுதான் அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே பொறி "சரி" என்று சொல்லும், தாளும் "சரி" என்று சொல்லும், பிள்ளை மட்டும் சரியாக இருக்காது. எங்களில் ஆய்வுகூடத்தில் இருப்பவர் இதற்காகப் பலரோடு சண்டை பிடித்திருக்கிறார்.

இனி, வைத்தியத்தை விடக் கடினமான பகுதிக்கு வருகிறோம்.

புரூட்டன் கண்ட நோயும், டேவிட்டுக்கு வந்ததும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள பிழையால் வருபவை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது ஈடுசெய்யும். அவள் சுகமாக இருப்பாள். அவளுடைய ஆண் பிள்ளைக்கு ஒரே எக்ஸ். பிழையானது போய்ச் சேர்ந்தால் நோய். ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு பெண் பிள்ளையும் தாயைப் போலக் காவியாக இருக்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1968இல் காப்பாற்றப்பட்ட அந்தக் குழந்தையின் குடும்பத்தில் அதற்கு முன் பத்துக்கு மேற்பட்ட ஆண் குழந்தைகள் இறந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரையும் இணைத்தது தாய்வழிதான்.

எங்கள் ஊர்களில் இப்படி நடந்தால் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "அவளுக்கு ஆம்பிளைப் பிள்ளை தங்காது." சாதகத்தில் பாலாரிட்டம் என்பார்கள். நூல் கட்டுவார்கள், பார்வை பார்ப்பார்கள். மூன்றாவது பிள்ளையும் போனால் மாமியார் வீட்டில் அவள் முகத்தில் விழிக்க மாட்டார்கள். பிழை தாய்வழி வருகிறது என்று நாங்கள் விஞ்ஞானமாகச் சொன்னால் அதே பழிக்கு ஒரு வைத்தியச் சான்றிதழ் கொடுத்ததாகிவிடுமோ என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆகவே இதைத் திருத்தமாகச் சொல்கிறோம். பரம்பரையலகில் எழுத்துப் பிழை இல்லாத மனிதர் ஒருவரும் இல்லை. எந்தப் பிழையை யார் காவுவது என்பதை ஒருவரும் தெரிந்தெடுப்பதில்லை. முன்னோரில் இல்லாமல் அந்தப் பிள்ளையிலேயே புதிதாகத் தோன்றும் பிழைகளும் பல. இன்னும், இந்த நோய்களிற் பல எக்ஸில் இல்லை. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பிழை வந்து சேரும்போது உண்டாகின்றன. அங்கே தகப்பனுக்கும் சம பங்கு.

அந்த இரண்டாம் வகைக்கும் மச்சான் மச்சாள் கலியாணத்துக்கும் தொடர்பு உண்டு. ஒரே பாட்டனிடமிருந்து ஒரே பிழை இருவருக்கும் வந்திருக்கலாம். இதைக் கேட்டு ஒருவரும் பதற வேண்டாம். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறைபாடுள்ள பிள்ளை பிறக்க 100க்கு 2 அல்லது 3 வாய்ப்பு இருக்கிறது. நெருங்கிய சொந்தத்துக்குள் செய்தவர்களுக்கு அது 4 முதல் 6 வரை ஆகலாம். பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இப்படி இறந்திருந்தால் கணக்கு முற்றிலும் வேறு. அப்போது கலியாணத்துக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

கேட்பதற்குத் தெரிந்திருக்க வேண்டுமே. இங்கேதான் எங்கள் மனவருத்தம். பிள்ளை இறந்ததை மறைத்துவிடுகிறோம். மற்றப் பெண் பிள்ளைகளின் கலியாணம் குழம்பும் என்ற பயம். ரொறன்ரோவில் ஒரு தங்கையின் மகனுக்கு நோய் இன்னதென்று கண்டுபிடித்து மச்சை மாற்றிச் சுகமாகியிருக்கும். ஊரிலிருக்கும் அக்காவுக்கு "பெடியனுக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். அக்காவின் மகள் கர்ப்பிணி. அவளுக்குப் பிறக்கப் போவது ஆண் பிள்ளையாக இருந்தால் பிறந்த அன்றே இரத்தம் பார்க்க வேண்டும் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதைவிட முக்கியம், பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி ஊசி. அது உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த தடுப்பூசி. சாதாரணப் பிள்ளைக்கு ஒரு சின்னப் புண்ணும் தழும்பும், அவ்வளவுதான். ஸ்கிட் உள்ள பிள்ளைக்கு அது உடம்பெங்கும் பரவலாம். வாய்வழி போலியோச் சொட்டும் அவர்களுக்கு ஆகாது. இங்கிலாந்தில் 2021இல் பி.சி.ஜி போடும் நாளைப் பிறந்து 28 நாட்களுக்குப் பின் தள்ளியது, அதற்குள் ஸ்கிட் சோதனை முடிவு வந்துவிடும் என்பதால்தான். நாங்கள் சொல்வதைத் தயவுசெய்து தவறாக எடுத்துப் போக வேண்டாம்: தடுப்பூசி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குடும்பத்தில் இப்படி ஒரு மரணம் இருந்தால் மட்டும், ஊசி போட முன்னர் வைத்தியரிடமும் மருத்துவ மாதுவிடமும் சொல்லுங்கள். மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரத்துக்குப் போடுங்கள். தடுப்பூசி பலிக்காத அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்ட ஊசிதான்.

பரம்பரையலகையே திருத்த முடியாதா என்று கேட்பீர்கள். முயன்றிருக்கிறார்கள். ஏ.டி.ஏ என்ற நொதியம் இல்லாததால் வரும் ஸ்கிட் ஒன்று உண்டு. 1972இல் எலோயிஸ் ஜிப்லெற் என்ற அம்மையார், வேறு காரணத்துக்காக அனுப்பிய இரத்த மாதிரியில் தற்செயலாகக் கண்டது அது. அந்த நோயுள்ள அஷாந்தி டி சில்வா என்ற நாலு வயதுச் சிறுமிக்கு 1990 செப்ரெம்பரில் அமெரிக்காவில் முதன்முதலாகப் பரம்பரையலகுச் சிகிச்சை செய்தார்கள். நொதிய ஊசியும் கூடவே தொடர்ந்ததால் சுகம் எதனால் என்று விவாதம் இருந்தது. 1999இல் பாரிஸ் நெக்கர் வைத்தியசாலையில் அலன் ஃபிஷரும் மரீனா கவஸானாவும் டேவிட்டின் வகை நோயுள்ள பிள்ளைகளின் கலங்களை எடுத்து, சரியான பரம்பரையலகை வைரஸ் ஒன்றின் முதுகிலேற்றி உள்ளே புகுத்தி, திருப்பிக் கொடுத்தார்கள். கூடாரம் இல்லாமல், பிறர் மச்சை இல்லாமல், பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். சில வருடங்களில் அவர்களில் நால்வருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது, ஒருவர் இறந்தார். லண்டனிலும் ஒரு பிள்ளைக்கு வந்தது. புகுத்திய துண்டு, புற்றுநோயைத் தூண்டும் ஒரு பரம்பரையலகுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததே காரணம். அதன்பின் வைரஸை மாற்றியமைத்தார்கள். 2016இல் ஏ.டி.ஏ வகைக்கான சிகிச்சைக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. நம்பிக்கையான வழிதான், நம் கைக்கு எட்ட நாள் எடுக்கும்.

இன்னொரு நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் வெண்குழியங்கள் கிருமியை விழுங்கும், ஆனால் கொல்லாது. ஈரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் சீழ்க்கட்டிகள் வரும். இதற்கு அன்ரிபயோற்றிக்கும் பங்கசு மருந்தும் தினமும் கொடுத்துக் காப்பார்கள். மச்சை மாற்றினால் குணமாக்கலாம். இந்தப் பிள்ளைகளை முற்றத்துச் சருகு கூட்டவும், உக்கிய குப்பை எருவைக் கிளறவும் விடக்கூடாது. அதிலிருந்து எழும் பூஞ்சண வித்துகள் சுவாசப்பையில் இறங்கிப் பெரிய ஆபத்தாகிவிடும்.

பிள்ளைகளோடு நின்றுவிடும் கதையுமல்ல இது. பிறபொருளெதிரி குறையும் ஒரு வகை இருபது, முப்பது வயதுக்குப் பிறகே வெளிப்படும், பெண்களுக்கும் வரும். வருடா வருடம் நியூமோனியா, எந்நேரமும் பீனிசம், "அவவுக்குத் தடிமன் உடம்பு" என்ற பெயர். இந்த மண்டபத்தில் அப்படி யாராவது இருந்தால் இமியுனோகுளோபியுலின் அளவை ஒரு முறை பாருங்கள்.

எப்போது சந்தேகிக்க வேண்டும் என்று கேட்டால்: ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை நியூமோனியா, நான்கு முறை காதில் சீழ், இரண்டு மாதம் அன்ரிபயோற்றிக் கொடுத்தும் பயனில்லாமை, ஆழமான கட்டிகள் திரும்பத் திரும்ப வருதல், நிறை ஏறாமை, வாயில் மாறாத வெண்படலம், குடும்பத்தில் இதே மாதிரி ஒரு மரணம். முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு மாதம் ஒரு தடிமன் வருவது இதிற் சேராது. அது எல்லாப் பிள்ளைக்கும் வருவது.

சந்தேகம் வந்தால் உங்கள் பகுதிச் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் போங்கள். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இதற்கான நோயெதிர்ப்பியல் பிரிவு இருக்கிறது. அவர் அங்கு தொடர்பு கொள்வார். உயிருள்ள கலங்களைப் பார்க்கும் சோதனை என்பதால் மாதிரி பழுதாக முன் போய்ச் சேர வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை பின்னேரம் இரத்தம் எடுக்க வேண்டாம், வாரத் தொடக்கத்தில் எடுங்கள். பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சுச் செலுத்திய இரத்தம் வேண்டுமா என்று கேளுங்கள். போகும்போது ஒரு தாளில் உங்கள் தாய்வழியில் மூன்று தலைமுறைக்குச் சிறுவயதில் இறந்த பிள்ளைகளை, ஆணா பெண்ணா, எத்தனை மாதம் என்று எழுதிக்கொண்டு போங்கள். இடப்பெயர்வில் கொப்பிகளும் சான்றிதழ்களும் தொலைந்த குடும்பங்கள் எங்களுடையவை. அம்மம்மாமாருக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்த விடுமுறைக்குள் அவர்களோடு இருந்து கேட்டு எழுதிவிடுங்கள்.

தேநீருக்கு மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருப்பதாகத் தலைவி சைகை காட்டுகிறார். சபையில் கேட்கத் தயங்குபவர்கள் பின்வரிசைக் கதவடியில் எங்களைக் காணலாம்.